இடது ரெக்கை

ஞாயிற்றுக்கிழமை அங்கே போனதும் சிவபிரகாஷ் செய்கிற முதல் வேலை, விமானத்தின் மேல் காய்கிற துணிகளை எடுப்பது. லுங்கி, ஜட்டி, கம்பெனி பனியன், சில வாரம் ஒரு கம்பளி. மடிக்காமல் அள்ளிக்கொண்டு போய் விடுதிப் படிக்கட்டில் குவிப்பான். துணிக்குச் சொந்தக்காரர்கள் ஒடிசாப் பையன்கள். "சாரி மாமா" என்று சிரித்துக்கொண்டே எடுத்துப் போவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் காயும். ரெக்கை இடுப்பு உயரத்தில் அகலமாக, வெயிலில் சூடேறிக் கிடந்தது. கொடி கட்ட இடமில்லாத விடுதியில் அவர்களும்தான் எங்கே போடுவார்கள்.

அவிநாசிபாளையத்தில் தாராபுரம் ரோட்டை ஒட்டிய இடம் அது. நூல் மில் வைத்திருந்த ஒருவர் பாலிடெக்னிக் கட்டி, விமானப்படை ஓய்வு கொடுத்த ஒரு விமானத்தைக் கேட்டு வாங்கி முன்னால் நிறுத்தினார். கிரண் என்று பேர். இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து ஓட்டப் பழகுகிற சின்ன ஜெட். பிள்ளைகள் சேரும் என்று நினைத்திருப்பார். சேரவில்லை. அவர் இறந்தபின் தம்பி சாமியப்பன் பாலிடெக்னிக்கை மூடிவிட்டுக் கட்டடத்தைக் கம்பெனிகளுக்கு விடுதியாக வாடகைக்கு விட்டார். விமானம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. டயர் வெடித்து, கண்ணாடி மங்கி, காற்று உறிஞ்சுகிற வாயில் குளவி கூடு கட்டி.

சிவபிரகாஷ் வேலம்பாளையத்துச் சாயப்பட்டறையில் மிஷின் பார்க்கிறவன். பகல் ஷிஃப்ட் என்றால் பகல் முழுக்க, நைட் என்றால் நைட் முழுக்க, கால் ஈரத்திலேயே இருக்கும் வேலை. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது மழை பிடித்து, அவனும் பெண்டாட்டி மதுமதியும் அந்த ரெக்கைக்குக் கீழே குந்தி ஒதுங்கினார்கள். அவன் தலைக்கு மேலே இருந்த தகட்டைத் தடவிப் பார்த்தான். அவள் பட்டுச்சேலையில் அழுக்குத்தண்ணீர் சொட்டியது. அவன் எதற்காக மறுவாரம் ஒரு வாளியும் பிரஷுமாக அங்கே திரும்பிப் போனான் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டபோது, "சும்மா, கழுவி உடலாம்னு" என்றான். கழுவப் போனவன் வருடக்கணக்காகத் திரும்பவில்லை. வாட்ஸப்பில் இந்த மாதிரிப் பழைய விமானப்படை விமானங்களைத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஆட்கள் குழு ஒன்று இருந்தது. ஐதராபாத்தில் ஒருவர், பெங்களூரில் நாலு பேர். யாருக்கும் யாரும் சம்பளம் தருவதில்லை. அவர்கள் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டான்.

மதுமதி அதைக் கெரகம் என்றுதான் சொல்வாள்.

"ஏனுங்க, இன்னைக்கும் அந்தக் கெரகத்துக்குப் போகோணுமா?"

"மத்தியானத்துக்குள்ள வந்தர்றேன்."

"எந்த மத்தியானம்? போன வாரத்து மத்தியானமே இன்னும் வர்லீங்க."

அவள் பனியன் கம்பெனியில் செக்கிங். நின்றுகொண்டே பார்க்கிற வேலை. ஒவ்வொரு பனியனுக்குள்ளும் கையை விட்டு விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்டது என்று தேடி ஒதுக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோற்றைப் பார்த்தாலும் கறை தேடும் கண். அவளுக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு, அவனுக்கும் அது ஒன்றுதான். மகன் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். உடுமலையில் அவள் அம்மா முட்டிவலியோடு தனியாக இருந்தாள். "எப்பக் கண்ணு ரெண்டு பேரும் வருவீங்க" என்று போனில் கேட்பாள். வருகிறோம் என்பாள் இவள். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு ஞாயிறு, இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்.

கார்த்திகை முடியும்போது சாமியப்பன் வந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விமானத்தை ஒரு சுற்று சுற்றினார்.

"சிவபிரகாசு, தப்பா நெனச்சுக்காதீங்க. தை பொறந்தா இங்க குடோன் வேலை ஆரம்பிக்கோணும். ஜேசிபி வந்து நிக்கறப்ப இது இங்க நிக்கப்படாது."

"எடுத்தர்றமுங்க."

"உங்க ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறதுன்னாலும் எனக்குச் சந்தோசந்தானுங்க."

"ரெண்டு ரூம்பு ஊடுங்க. மூக்கு மட்டும் உள்ள போகும்."

சாமியப்பன் சிரித்தார். சிரித்து முடித்து, "இல்லீன்னா வெட்டி எடைக்குப் போட்டறதுதானுங்க. பெரியவங்க வச்சதுங்கறதால இத்தன நாள் உட்டேன்" என்றார். அவர் சொன்னதில் மிரட்டல் இல்லை. சொன்னதைச் செய்வார், அவ்வளவுதான்.

குழு ஆட்கள் அங்கே இங்கே கேட்டு ஒரு வழி பிடித்தார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி பழைய விமானங்களுக்கென்று பெரிய கூடம் ஒன்று எழுப்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கீர்த்தனா என்ற பெண் போனில் பேசினாள். விமானப்படையில் அனுமதி வாங்குவது அவர்கள் பொறுப்பு. கிரேன், லாரி அவர்கள் செலவு. "ஆனா சார், பாலிடெக்னிக்ல அடிச்ச எனாமல் பூராத்தையும் எடுத்துட்டு பிரைமர் அடிச்சு வைங்க. தகடு எப்படி இருக்குன்னு நான் வந்து செக் பண்ணணும். தகடு நல்லாருந்தா எடுத்துக்கறோம். அரிச்சிருந்தா கமிட்டி ஒத்துக்காது சார்."

உடம்பு, வால், வலது ரெக்கை எல்லாம் அவன் ஏற்கெனவே முடித்திருந்தான். பெயிண்டைக் கரைக்கும் ஜெல்லைப் பிரஷால் தடவி, ஊறவிட்டு, பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, வேஸ்ட் பனியன் துணியால் துடைத்து, காய்ந்ததும் பிரைமர். ஒரு உள்ளங்கை அகலம் முடித்து அடுத்த உள்ளங்கை. இரும்புக் கரண்டி தொடக் கூடாது, உப்புத்தாள் தொடக் கூடாது. வலது ரெக்கைக்கு மட்டும் ஒரு கோடைக்காலம் பிடித்தது. மிச்சம் இருந்தது இடது ரெக்கை. கீர்த்தனா வருகிற புதன்கிழமைக்கு முன்னால் இரண்டு ஞாயிறு இருந்தன. முதல் ஞாயிற்றுக்கு முந்திய நாள் அவனுக்குச் சிக்குன்குன்யா வந்தது.

காய்ச்சல் இறங்கியும் மூட்டு இறங்கவில்லை. காபி டம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. தோளை உயர்த்தவே முடியவில்லை. அவள்தான் சட்டை மாட்டிவிட்டாள், தண்ணீர் வார்த்துவிட்டாள். முதல் ஞாயிறு அப்படியே படுக்கையில் போயிற்று.

"போன் பண்ணித் தள்ளிப் போடச் சொல்லுங்க."

"சாமியப்பன் ஜேசிபியத் தள்ளிப் போடுவாரா?"

"நான் போறேன்" என்றாள்.

"எங்க?"

"அங்கதான். ராக்கையாவக் கூட்டிட்டுப் போறேன். அந்த ரெக்கையச் சுரண்டிப்போட்டு வர்றோம்."

"உனக்குத்தான் அதக் கண்டாலே ஆவாதே."

"ஆவாதுன்னுதான் போறேன். முடிச்சுக் குடுத்தா எடுத்துட்டுப் போயிருவாங்கல்ல? போய்த் தொலையட்டும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். தாடையும் வலித்தது. ஜெல் எங்கே இருக்கிறது, கையுறை எங்கே இருக்கிறது, எப்படித் தடவ வேண்டும் என்று படுத்தபடியே சொன்னான். எதைத் தடவக் கூடாது என்று சொல்லவில்லை. அப்படி ஒன்றை யாராவது தடவுவார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

ராக்கையா அதே சாயப்பட்டறையில் ஹெல்பர். உசிலம்பட்டிப் பக்கம் ஊர். சிவபிரகாஷை அண்ணன் என்றும் அவளை மதினி என்றும் கூப்பிடுவான். வாய் ஓயாது. காலையில் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போய் இறங்கியதுமே ரெக்கையைப் பார்த்து, "என்னா மதினி, இது ரெக்கையா, கல்யாண மண்டபத்து மேடையா?" என்றான்.

வெள்ளை எனாமல். அதற்கு மேல் நீலத்தில் பாலிடெக்னிக்கின் பேர். இரண்டு பேரும் குனிந்து சுரண்டினார்கள். பனி விலகி வெயில் ஏறியது. டப்பாவின் அடியில் இருந்த ஜெல் ஒரு முறத்தின் அளவுக்குத்தான் கண்டது. அதுவும் கீழே இருந்த இன்னொரு பெயிண்டைத்தான் காட்டியது.

"இந்த வேகத்துல போனம்னா பொங்கப் பானைய இங்கனயேதேன் வைக்கணும்" என்றான் ராக்கையா. "அண்ணன் எறும்பு தேன் நக்குற மாதிரில்ல செஞ்சிருக்காரு."

"ஜெல்லும் தீந்துபோச்சு. இப்ப என்ன பண்றது?"

"நான் எதுக்கு இருக்கேன்? வண்டிப் பெட்டியில வச்சிருக்கேன் மதினி. பட்டறையில கேட்டு வாங்கியாந்தது. காஸ்டிக் சோடா."

"அது இதுக்குப் போடலாமா?"

"நம்ம பட்டறையில எண்ணெய், மெழுகு, அழுக்கு எது போகலைன்னாலும் என்னா போடுவோம்? அம்புட்டுப் பெரிய மிசினு. வருசக்கணக்கா அதுலயேதேன் வேகுது. ஒரு பொட்டுத் துரு உண்டா? இது பிளேன் மதினி. மேகத்துக்குள்ள, இடிக்குள்ள போயிட்டு வந்த சாமான். இந்தத் தண்ணிக்கா சாகப் போகுது?"

அவன் சொன்னதில் தப்பு தெரியவில்லை. அவளும் சாயப்பட்டறைக்காரன் பெண்டாட்டிதான். காஸ்டிக் கையைப் பொத்துவிடும், அழுக்கை எடுக்கும், மிஷினை ஒன்றும் செய்யாது. இது எல்லோருக்கும் தெரிந்தது. மிஷின் எவர்சில்வர் என்பதும் ரெக்கை அலுமினியம் என்பதும்கூடத் தெரிந்ததுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் யோசிக்கவில்லை.

வாளியில் தண்ணீர் பிடித்து வெள்ளைச் செதிள்களைக் கொட்டினான். வாளி சூடேறி ஆவி வந்தது. வேஸ்ட் பனியன் துணிகளை அதில் முக்கி, கம்பால் எடுத்து, ரெக்கையின் மேல் வரிசையாகப் பரப்பினார்கள். துணி இருந்தால் தண்ணீர் வழியாமல் ஊறும். அதுவும் ராக்கையாவின் யோசனை. நடு ரெக்கையிலிருந்து நுனி வரைக்கும் மூடியானது. உடம்பை ஒட்டிய பக்கத்துக்குத் துணி பற்றவில்லை.

"ஊறட்டும். வாங்க சாப்புடுவம்."

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அவள் அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவந்திருந்தாள். அவன் தூக்கில் கருவாட்டுக் குழம்பு. அவன் பெண்டாட்டி ஒச்சாயி வைத்தது. உறைப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஒச்சாயி எங்கள எல்லாம் கொல்லப் பாக்கறா."

"என்னைய தெனமும் கொல்றா மதினி. நான் சொல்றேனா?" என்றான். பிறகு, "இது போயிருச்சுன்னா அண்ணன் ஞாயித்துக்கெழம என்னா செய்வாரு?" என்று கேட்டான்.

"உடுமலைக்கு வருவாரு. எங்கம்மா ஊட்ல உக்காருவாரு. கறி திம்பாரு."

"அம்புட்டுதேனா?"

"வேறென்ன வேணும்?"

ரெக்கைப் பக்கமிருந்து சோறு கொதிக்கிற மாதிரிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. வேலை நடக்கிறது என்று இரண்டு பேருக்கும் திருப்தி. சாப்பிட்டுக் கை கழுவி, கொஞ்சம் சாய்ந்தும் கொண்டார்கள். அவளுக்குக் கண் சொக்கியது.

எழுந்து போய் முதல் துணியைக் கம்பால் தூக்கியபோது எனாமல் காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி சுருங்கித் துணியோடு வந்தது. நீல எழுத்தும் வந்தது. "பாத்தீகளா" என்றான் ராக்கையா. கீழே தகடு கன்னங்கரேலென்று இருந்தது. அது இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது.

"பெயிண்டுதான் போயிருச்சே. இன்னும் என்னத்துக்கு நொரைக்குது?" என்றாள் அவள்.

ராக்கையா பதில் சொல்லவில்லை. வாய் ஓயாதவன் அவன். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்து. ஊத்து ராக்கையா. டேய் தம்பி, பானி, பானி கொண்டாங்க!"

விடுதிப் பையன்கள் வாளிகளோடு ஓடி வந்தார்கள். எல்லாத் துணியையும் இழுத்துக் கீழே தள்ளி, ஊற்ற ஊற்ற ஆவி எழுந்தது. நுரை அடங்க வெகு நேரம் ஆயிற்று. கறுப்பு கரைந்து வழிந்து மண் நனைந்தது. ஒருவன் தகட்டைப் பிடித்திருந்த ரிவெட் ஆணி வரிசையைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். ஆணித் தலைகள் விழப்போகிற பல் மாதிரி ஆடின.

ரெக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு மூடியைச் சிவபிரகாஷ் முன்பே கழற்றி வைத்திருந்தான். மதுமதி சேலையைச் செருகிக்கொண்டு அடியில் போய், அந்தத் துவாரத்துக்குள் தலையை விட்டு மேலே பார்த்தாள். உள்ளே இருட்டு. இருட்டில் வெளிச்சம் பொடிப் பொடியாகத் தெரிந்தது. ஒரு இடத்தில் ஊசி ஓட்டை, ஒரு இடத்தில் வலை, நுனிப் பக்கம் கிழிசல். இப்படி ஒரு பீஸ் மேஜைக்கு வந்தால் இரண்டாவது தடவை பார்க்க மாட்டாள்.

"என்னா மதினி?"

"போச்சு."

"அலுமினியப் பெயிண்ட் அடிச்சா மறைஞ்சுரும்ல?"

"வாய மூடு ராக்கையா."

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகக் குளிக்கப் போனாள். சிவபிரகாஷ் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளின் கையைப் பிடித்தான். வேலை எப்படி ஆனது என்று கேட்கத்தான் பிடித்தான். விரல்நுனிகள் வழவழவென்று தோலுரிந்து கிடந்தன. முப்பது வருடம் சாயப்பட்டறையில் இருந்தவனுக்கு அதைப் பார்த்தால் போதும்.

"காஸ்டிக்கு எங்க தொட்ட?"

அவள் சொன்னாள். ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள், ராக்கையாவின் மேல் போடாமல்.

"எத்தன நேரம் ஊறுச்சு?"

"சோறு தின்னு, சித்த சாஞ்சு எந்திரிச்சோம்."

"கழுவி அசிட்டிக் குடுத்தீங்களா?"

"தண்ணி மட்டுந்தான்."

அப்படியென்றால் இன்னும் தின்றுகொண்டுதான் இருக்கும். சாயத்தில் காஸ்டிக் போட்டால் கடைசியில் ஆசிட் காட்டி அதைக் கொல்ல வேண்டும். அவன் ராக்கையாவுக்குப் போன் போட்டு, இப்போதே போய் அசிட்டிக்கைத் தண்ணீரில் கலந்து ஊற்றச் சொன்னான். திட்டவில்லை. போனைக் கட்டிலில் வைத்தான்.

"வையறதுன்னா வஞ்சுபோடுங்க."

"என்னத்த வைய."

"அஞ்சாறு வருசம் பண்ணுனதக் கெடுத்துப்போட்டேன்."

அவன் முழங்கையைத் தடவிக்கொண்டே பேசினான். "மது, நானும் அது போகோணும்னுதான் இருந்தேன். அந்தக் கோயமுத்தூர்ப் புள்ள போன் பண்ணுன அன்னைக்கு, அப்பாடின்னு இருந்துச்சு. எனக்கு முடியல. காய்ச்சலுக்கு முன்னாலயே முடியல. வாரம் பூரா அங்க நின்னுபோட்டு ஞாயித்துக்கெழமையும் போய் நிக்கறது. உட்டுப்போட்டு வந்தா வெட்டிருவாங்க. அதுக்காவ போயிட்டிருந்தேன். நல்ல எடமாப் பாத்து ஏத்தி உட்டுட்டா நான் தூங்கலாம்னு இருந்தேன்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இத என்றகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"சொன்னா நீ அன்னைக்கே நிறுத்துன்னிருப்ப."

அது உண்மை. அவள் அடுப்படிக்குப் போனாள். ரசம் வைத்து இறக்கும்போது அவன் உள்ளேயிருந்து கூப்பிட்டான்.

"பட்டி பாத்துரலாம்."

"என்னது?"

"அடியில தகடு கொடுத்து, மேல பட்டி போட்டு இழைச்சு, பிரைமர் அடிச்சுட்டா தெரியாது. பிரைமர் எப்படியும் அடிக்கோணும். ஏத்திட்டுப் போயிரட்டும்."

இத்தனை நாள் உப்புத்தாள் படக் கூடாது என்று ஒடிசாப் பையன்களோடு சண்டை போட்டவன் இதைச் சொன்னான். அவள் கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"சரிங்க" என்றாள்.

திங்களும் செவ்வாயும் ராக்கையா ஷிஃப்டை மாற்றிக்கொண்டு போனான். மிச்சமிருந்த எனாமலைக் கடையில் ஜெல் வாங்கிச் சுரண்டினான். கார் டிங்கரிங் கடை ஆள் ஒருவனையும் அழைத்துப்போய், சிவபிரகாஷ் போனில் சொன்னபடியெல்லாம் செய்தான். செவ்வாய் சாயங்காலம் படம் அனுப்பினான். இரண்டு ரெக்கையும் ஒரே மாதிரிப் பச்சை மஞ்சளில், மழமழவென்று. எது எது என்று சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை மதுமதியும் லீவு போட்டாள்; ராக்கையா இரண்டு பேரையும் வண்டியில் கொண்டுவந்தான். சிவபிரகாஷுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். சாமியப்பன் வந்து ஓரமாக நின்றார். கீர்த்தனா காரிலிருந்து இறங்கினாள். சின்னப் பெண். ஜீன்ஸ், தலையில் தொப்பி, கையில் தகட்டின் தடிமன் பார்க்கிற கருவி. வணக்கம் சொல்லிவிட்டு வந்த வேகத்தில் வலது ரெக்கையில் ஏறிவிட்டாள். தடவுவாள், கருவியை வைப்பாள், எண்ணைப் பார்ப்பாள், நகர்வாள்.

"யாரு சார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? ஒரு கீறல் இல்ல. எங்க ஆளுங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்க."

"குரூப்புல சொன்னாங்க" என்றான் சிவபிரகாஷ், கீழே பார்த்துக்கொண்டு.

வால், உடம்பு, மூக்கு எல்லாம் பார்த்து இடது ரெக்கைக்கு வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். உடம்பை ஒட்டிய இடத்தில் இரண்டு தடவை கருவியை வைத்தாள். அங்கே காஸ்டிக் படவில்லை. "இதுவும் ஓகே" என்றாள்.

மதுமதி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அந்தப் பெண் அண்ணாந்து குடித்தாள்.

"இத எப்படிக் கண்ணு எடுத்துட்டுப் போவீங்க?"

"ரெக்கைக்கு அடியில பெல்ட் போட்டு கிரேன்ல தூக்குவோம்க்கா. அப்புறம் லாரி. அங்க ஹால்ல கூரையில இருந்து தொங்க விடப் போறோம். கீழ ஸ்கூல் பசங்க நின்னு பாப்பாங்க."

"ஏதாச்சும் ஒடஞ்சு உழுந்தா?"

"அதுக்குத்தான நான் வந்திருக்கேன்" என்று சிரித்தாள். "வேலைக்குச் சேந்து நான் பாஸ் பண்ற மொத ஏர்கிராஃப்ட் இது. எதுனா ஆச்சுன்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க."

அந்த வாக்கியம் மதுமதிக்குத் தெரியும். கம்பெனியில் வெளிநாட்டுக்குப் போன பெட்டி திரும்பி வந்தால் நெய்தவனைக் கேட்பதில்லை, தைத்தவளைக் கேட்பதில்லை. எந்த மேஜையில் பாஸ் ஆனது என்று பார்ப்பார்கள். அந்த மேஜையில் நின்றவளைக் கூப்பிடுவார்கள். அவள் ஆபீசுக்குள் போய்விட்டு வெளியே வந்து, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடப்பாள். மற்றவர்கள் தலையைத் தூக்காமல் அடுத்த பீஸுக்குள் கையை விடுவார்கள்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை லேசாக, வேண்டாம் என்று ஆட்டினான்.

"கண்ணு, நுனிக்குக் கிட்ட வச்சுப் பாருங்க" என்றாள் மதுமதி.

"எங்கக்கா?"

"அந்தக் கோட்டுக்கு அக்கட்டால. அங்க பூரா பட்டி."

கீர்த்தனா கருவியை வைத்தாள். எண் வரவில்லை. நகர்த்தி வைத்தாள். வரவில்லை. பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதன் பின்பக்கத்தால் அழுத்தினாள். பட்டி பொருக்காக உள்ளே விழுந்தது.

"என்ன சார் இது?"

சிவபிரகாஷ் எழ முயன்றான். நாற்காலியின் கையை ஊன்ற முடியவில்லை. மறுபடி உட்கார்ந்தான்.

"அவரு இல்லீங்க, நான்" என்றாள் மதுமதி. "பெயிண்ட் எடுக்கறேன்னு காஸ்டிக் போட்டுப்போட்டேன்."

"அலுமினியத்துலயா?" அந்தப் பெண் கையை வாயில் வைத்தாள். திட்டத் தெரியாத முகம். கொஞ்ச நேரம் ரெக்கைக்கு அடியில் போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தாள். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "சார், உள்ள எலும்பும் கொஞ்சம் போயிருக்கு. ஆனா முடிஞ்சுதுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்துத் தகடு பூரா எடுத்துட்டுப் புதுசு அடிச்சுக் கொடுத்தீங்கன்னா, சித்திரையில நான் மறுபடி கமிட்டிக்கு எடுத்துட்டுப் போறேன். டிராயிங் நான் தர்றேன்" என்றாள்.

எல்லோரும் சாமியப்பனைப் பார்த்தார்கள். அவர் செருமினார். "சித்திரைன்னா... ஒரு மூணு மாசம் வேண்ணா குடோன அந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கச் சொல்லலாமுங்க. பாத்துக்குங்க, சிவபிரகாசு."

அவ்வளவு இறங்கி வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மதுமதி எண்ணிப் பார்த்தாள். சித்திரை வரைக்கும் ஞாயிறுகள்.

"வேண்டாமுங்க" என்றான் சிவபிரகாஷ்.

"சார்?"

"வெட்டிக்கட்டும். என்னால முடியாதுங்க." உரக்கக்கூடச் சொல்லவில்லை. கடையில் மிச்சச் சில்லறை வேண்டாம் என்பதுபோலச் சொன்னான்.

கார் போனபிறகு ராக்கையாவின் வண்டியில் சிவபிரகாஷை நடுவில் உட்காரவைத்துத் திரும்பினார்கள். வீட்டில் அவன் சட்டையைக் கழற்றிவிடும்போதுதான் அவள் கேட்டாள்.

"நான் சொல்லாம இருந்திருக்கலாமுங்களா?"

"இருந்திருக்கலாம்."

"அந்தப் புள்ள மாட்டியிருக்கும்."

"ஆமா. மாட்டியிருக்கும்."

"கோவமுங்களா?"

"படுக்கறேன் மது" என்றான்.

வெள்ளிக்கிழமை கட்டிங் மிஷினோடு ஆட்கள் வந்தார்கள். சிவபிரகாஷ் அன்றுதான் மறுபடி வேலைக்குப் போயிருந்தான். ராக்கையா பார்த்துவிட்டு வந்து சொன்னான். மத்தியானத்துக்குள் எல்லாம் லாரியில் ஏறிவிட்டதாம். பிரைமர் எரிந்த புகையில் விடுதிப் பையன்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியில் நின்றார்களாம். சொல்லிவிட்டு, "மதினி, எல்லாம் என்னாலதேன்" என்று அழுதான். அவள் அவனுக்குச் சோறு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உடுமலைக்குப் போனார்கள். ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில். அம்மா கோழி அடித்திருந்தாள். "மாப்பிள்ள எளச்சுப் போயிட்டாரே" என்று அவனுக்கே ஈரலை வைத்தாள். அவன் எல்லாவற்றையும் சாப்பிட்டான். நல்லாருக்குதுங்க என்றான். பின்னறையில் பாய் விரித்துப் படுத்தவன் படுத்ததும் தூங்கினான்.

தோப்புக் காற்று வாசல் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. அம்மாவும் மகளும் முருங்கைக்கீரை உருவியபடி எல்லாம் பேசினார்கள். முட்டிக்கு எந்த எண்ணெய், யார் வீட்டில் என்ன சண்டை, பக்கத்துத் தோப்பில் புதிதாக நட்டிருக்கும் காற்றாலை ராத்திரியெல்லாம் போடுகிற சத்தம். அவள் நினைத்துவைத்திருந்த ஞாயிறு இதுதான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடிக்கடி எழுந்து போய்ப் பின்னறையை எட்டிப் பார்த்தாள்.

"ஒடம்பு சரியில்லியா கண்ணு அவருக்கு?"

"இல்லீங்கம்மா. தூங்கறாரு."

"இத்தன நேரமா?"

"தூங்கட்டும்."

பொழுது சாய்ந்து தென்னை மட்டைகளின் இடுக்கில் வெளிச்சம் மங்கியது. உள்ளே அரவம் கேட்டு அவள் போனாள். அவன் எழுந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் விடிகிற மாதிரிதான் இருந்தது. அவன் அவசரமாகக் கொக்கியில் கிடந்த சட்டையை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கையை விட்டான்.

"ஏன் மது எழுப்பல? வெயில் ஏறிருச்சுன்னா தகட்டுல கைய வைக்க முடியாது."

அவள் மறு சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், அவன் தோளைத் தூக்காமல் விடும்படி தாழ்த்தி. தினமும் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தாள். பிடித்தபடியே சொன்னாள்.

"சாயங்காலமுங்க இது."

அவன் ஜன்னலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பாயை, சுவரோரம் அடுக்கியிருந்த தேங்காய்களை, யார் வீடு என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரிந்துகொண்டான். ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாகப் பாயில் உட்கார்ந்தான்.

"சரி" என்றான். "டீ இருந்தா கொண்டா."